கிருபையும் இரட்சிப்பும் ஏன் ஈவு எனப்படுகின்றன?

இலங்கையின் மலையகத்தில் ஞானஸ்நானத்துக்காகவோ திடப்படுத்தலுக்காகவோ ஆயத்தமாகும் ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதாகவே இருக்கிறது. எத்தனை நாள் உபவாசம் இருக்க வேண்டும், எந்தெந்த ஜெபங்களை மனனம் செய்ய வேண்டும், குடியை முழுவதுமாக விட்ட பிறகுதான் ஆலயத்துக்கு வரலாமா என்று அந்தக் கேள்வி பல கிளைகளாக விரியும். கேட்பவரின் உள்ளம் உண்மையானது. அதைக் குறைவாக மதிக்கக் கூடாது. ஆயினும் கிறிஸ்தவ விசுவாசம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. தேவன் நமக்காக ஏற்கெனவே என்ன செய்திருக்கிறார் என்பதே அதன் தொடக்கம். நாம் செய்ய வேண்டியவை அனைத்தும் அதற்குப் பின்னர், அதன் விளைவாகவே வருகின்றன. இந்த வரிசை தலைகீழாகிவிட்டால், நற்செய்தி என்று சொல்லப்படுவது சுமக்க முடியாத இன்னொரு சுமையாக மாறிவிடும்.

கிருபை என்பது, அதற்குத் தகுதியற்றவர்மீது தேவன் தாமாக முன்வந்து காட்டும் தயவு. இரட்சிப்பு என்பது, மனிதர் பாவத்தின் பிடியிலிருந்தும் அதன் முடிவாகிய மரணத்திலிருந்தும் விடுவிக்கப்பட்டு, தேவனோடு ஒப்புரவாகி, புதிய வாழ்வுக்குள் கொண்டுவரப்படுவது. கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்ந்தவர்கள் இவற்றையே அருள் என்றும் மீட்பு என்றும் சொல்லிப் பழகியிருப்பார்கள். பேசப்படும் காரியம் ஒன்றே. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துச் சொல்லும் வசனம் எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல."

அருள் என்பது தமிழருக்குப் புதிய கருத்தல்ல. தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் இறைவனின் அருளை வேண்டிப் பாடும் குரல்களைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். தமிழ்ப் பக்தி மரபு முழுவதிலும் அது உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவர்கள் அதனோடு சேர்த்து அறிக்கையிடுவது, அந்த அருள் வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட மனிதரின் வாழ்விலும் மரணத்திலும் உயிர்த்தெழுதலிலும் முழுமையாக வெளிப்பட்டது என்பதை. பொந்தியு பிலாத்து யூதேயாவில் தேசாதிபதியாக இருந்த நாள்களில் எருசலேமுக்கு வெளியே சிலுவையில் அறையப்பட்ட இயேசுவே அவர். அந்த மரணம் நிகழ்ந்தபோது நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பதை ரோமர் நிருபம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்." நாம் திருந்திய பிறகு அவர் அன்புகூரத் தொடங்கவில்லை. திருந்துவதற்கான மனம் நமக்குள் எழுவதற்கு முன்பே அந்த அன்பு செயல்பட்டு முடித்திருந்தது.

இதைக் கேட்டு ஆமென் சொல்வது எளிது. உள்ளபடியே நம்புவது எளிதன்று. அதற்கு நம்முடைய வாழ்க்கைமுறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் எல்லாம் எண்ணி அளக்கப்படுகிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று கொழுந்து பறித்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் கூடையை இறக்கும்போது எத்தனை கிலோ என்பதே அந்த நாளின் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று சில கிலோக்கள் குறைக்கப்படும். சொன்ன நிறை வந்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி. மழையிலும் அட்டைக்கடியிலும் ஒரு நாள் முழுவதும் நின்ற பெண்ணுக்குக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அரைப்பேர் விழுந்தால், அது அவளுடைய சம்பளத்தை மட்டுமன்றி முகத்தையும் சுருங்கச் செய்துவிடுகிறது. பல தலைமுறைகளாக இப்படி வாழ்ந்த சமூகம் தேவனிடமும் ஒரு தராசும், பேர் பதியும் செக்ரோல் என்ற ஒரு பதிவேடும் இருப்பதாக எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. இந்த வாரம் ஆராதனைக்குப் போனேன், காணிக்கை போட்டேன், ஆகவே பேர் விழுந்திருக்கும். போன வாரம் போகவில்லை, கோபத்தில் கெட்ட வார்த்தை பேசினேன், ஆகவே அரைப்பேர்தான் என்று உள்ளம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

வேதாகமம் இந்தக் கணக்கை நன்றாக அறிந்திருக்கிறது. "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று ரோமர் நான்காம் அதிகாரம் கூறுகிறது. வேலை செய்தவருக்குக் கூலி கொடுப்பது முதலாளியின் தயவல்ல. அது அவர் செலுத்தியே தீர வேண்டிய கடன். இரட்சிப்பு நம் நற்செயல்களுக்கான கூலியாக இருந்தால், தேவன் நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுவார். அதே நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் சம்பளம் என்ற சொல் பாவத்துக்கே உரியதாக வைக்கப்படுகிறது: "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்."

இயேசு இதைத் தினக்கூலிகளின் கதையாகவே சொன்னார். மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் ஒரு திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரர் அதிகாலையிலேயே சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி ஆள்களை வேலைக்கு அமர்த்துகிறார். பின்னர் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் போய் இன்னும் பலரை அழைத்து வருகிறார். பதினோராம் மணி வேளையிலும், அதாவது நம்முடைய கணக்கில் மாலை ஐந்து மணியளவில், சிலர் சும்மா நிற்பதைக் கண்டு காரணம் கேட்கிறார். தங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் காத்திருந்தும் யாரும் தேர்ந்தெடுக்காத ஆள்கள் அவர்கள். மாலையில் கூலி கொடுக்கும்போது பிந்தி வந்தவர்களிலிருந்து தொடங்கும்படி சொந்தக்காரர் கட்டளையிடுகிறார். ஒரு மணி நேரம் மட்டுமே வேலை செய்தவர்களின் கையிலும் முழுப் பணம் வைக்கப்படுகிறது. அதிகாலையில் வந்தவர்கள் தங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, பேசிய தொகையே கிடைத்தபோது முறுமுறுக்கிறார்கள்: "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே." அதற்குச் சொந்தக்காரர் கேட்கும் கேள்வி, "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்பதே.

இந்த உவமையை நம்முடைய மக்களுக்கு எடுத்துச் சொல்லும்போது ஒரு காரியத்தைத் தெளிவாக்கியே ஆக வேண்டும். உழைப்பாளிக்குக் கூலியைக் குறைத்துக் கொடுப்பதற்கு இது எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. முந்தி வந்தவர்களுக்குப் பேசிய கூலி ஒரு காசும் குறையாமல் கொடுக்கப்பட்டது. பிந்தி வந்தவர்களுக்குக் கிடைத்ததோ நியாயத்தையும் தாண்டியது. தேவன் ஈவாகக் கொடுக்கிறார் என்பதால் மனிதர் ஒருவருக்கொருவர் செலுத்த வேண்டிய கடன் இல்லாமல் போய்விடாது. வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் எச்சரிக்கிறது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்தைத் தொழிலாளர்கள் கேட்டது பிச்சையாக அல்ல, உரிமையாக. கிருபையைப் பற்றிப் பேசி உரிமையைக் கேட்பவரின் வாயை அடைப்பது வேதத்துக்கு விரோதமானது.

கூலி மனப்பான்மை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதற்கு லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் இரண்டு குமாரரும் சாட்சி. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் இளையவன் வழியிலேயே தன் பேச்சைத் தயார் செய்கிறான்: தான் பாவம் செய்தேன் என்றும், மகன் என்று அழைக்கப்படத் தகுதியில்லை என்றும், கூலிக்காரரில் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொள்ளும்படியும் கேட்க நினைக்கிறான். தகப்பன் ஓடிவந்து அவனைக் கட்டித் தழுவிய பிறகு அவன் பேசும் பகுதியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதல் இரண்டையும் சொல்கிறான். கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்ற மூன்றாவது வேண்டுகோள் அங்கே வருவதில்லை. அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சைகளையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். வீட்டைவிட்டுப் போகாத மூத்தவனோ, இத்தனை வருஷகாலம் ஊழியம் செய்தும் தன் சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஓர் ஆட்டுக்குட்டியைக்கூடத் தனக்குக் கொடுக்கவில்லையே என்று தகப்பனிடம் சண்டையிடுகிறான். ஒருவன் பாவம் செய்து தூரமானான். மற்றவன் ஒழுங்காக இருந்தே தூரமானான். இருவருமே தகப்பனின் வீட்டைக் கூலி கொடுக்கும் இடமாக எண்ணினார்கள். நீண்டகாலக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்த நாம் மூத்தவனின் பேச்சை இன்னும் கூர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஈவு என்பதால் அது மலிவானது என்று நினைத்துவிடக் கூடாது. பெறுகிறவருக்கு இலவசமானது கொடுக்கிறவருக்கு விலையுயர்ந்ததாக இருக்கலாம். நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கொலோசெயர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. கையெழுத்து என்று அங்கே சொல்லப்படுவது கடன் பத்திரம் போன்ற ஒன்று. நம் முன்னோர் இதை உடனே விளங்கிக்கொண்டிருப்பார்கள். அந்நாள்களில் தோட்டம் மாற விரும்பும் தொழிலாளி, ஆள்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதைக் காட்டும் 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டத்தார் அந்தக் கடனைச் செலுத்தி அவரை எடுத்துக்கொண்டாலும், செலுத்திய தொகை அவருடைய பெயரில் மறுபடியும் கடனாகவே எழுதப்படும். கடன் தீரவில்லை; கணக்கேடுதான் மாறியது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கிறிஸ்து நம் கடனைச் செலுத்திவிட்டு அதைத் தம்முடைய புத்தகத்தில் நம் பெயரில் எழுதி வைக்கவில்லை. நாம் வாழ்நாள் முழுவதும் உழைத்து அவருக்கு அடைத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. நன்றியோடு வாழ்வது வேறு, கடன் அடைப்பது வேறு.

அப்படியானால் எப்படியும் வாழலாமா என்ற கேள்வி உடனே எழும். ரோமர் நிருபத்தை எழுதிய பவுலின் காலத்திலேயே எழுந்த கேள்வி இது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று அவரே பதில் சொல்லியிருக்கிறார். எபேசியர் இரண்டாம் அதிகாரத்திலும், கிரியைகளினால் அல்ல என்று சொன்ன அடுத்த வசனமே, நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது. கிரியைகள் இரட்சிப்பின் விலையல்ல, அதன் கனி. கனியே இல்லாத இடத்தில் உயிர் இருக்கிறதா என்று கேட்பது நியாயமே. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதன் பொருள் அதுதான்.

நம் மலைநாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கோவாவிலிருந்து வந்த குரு யோசேப் வாஸ், ஒல்லாந்தர் கரையோரங்களில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் இரகசியமாக இலங்கைக்குள் நுழைந்து, 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றர் என்ற சந்தேகத்தின்பேரில் சிறையில் அடைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக் குடும்பத்தாரே கைவிட்டுப் போனபோது, அவர் சமயம் பாராமல் அவர்களைப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே காலமான அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவித்தார். தேவனிடம் பேர் போட்டுக்கொள்வதற்காக ஒருவர் தொற்றுநோயாளியின் அருகில் போவாரானால், ஆபத்து தம்மை நெருங்கும் கணத்தில் அந்தக் கணக்கே அவரைப் பின்வாங்கச் செய்துவிடும். தமக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நம்புகிறவருக்கோ இழப்பதற்குப் பயம் குறைவு.

கிருபைக்கும் கிரியைக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் திருச்சபைகளுக்குள் நீண்ட வழக்கு இருந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தரோடு எழுந்த விவாதம் மேற்குத் திருச்சபையையே பிளந்தது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று கூட்டாக அறிக்கையிட்டுக் கையொப்பமிட்டன. 2006இல் மெதடிஸ்தரும் அதனோடு இணைந்தனர். விளக்கங்களில் வேறுபாடுகள் இன்னும் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர் அவற்றுக்குள் போய்ச் சிக்க வேண்டியதில்லை.

இரட்சிப்பு கூலியல்ல என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் போதிய அளவு நாம் சொல்வதில்லை. நன்மை நம் நற்செயலுக்கான கூலியல்ல என்றால், நேரிடும் ஒவ்வொரு துன்பமும் நம் தீச்செயலுக்கான கூலியும் அல்ல. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியது. இத்தகைய அழிவுகளுக்குப் பிறகு, அங்கிருந்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று பேசுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். இயேசுவின் காலத்திலும் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைக் காட்டிலும் அவர்கள் அதிகக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே மறுத்து, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பும்படி அழைத்தார். ஆகவே பிள்ளையை இழந்த தாயிடம் போய்ப் பாவக் கணக்குப் பார்ப்பது கிருபையை அறியாதவரின் செயல். சரியும் மண்ணுக்கடியில் மக்களைக் குடியிருக்க விட்டது யார் என்பது நியாயமாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதை இறந்தவர்களின் பாவமாக மாற்றிவிடக் கூடாது.

கிருபைக்கு விலை குறிக்கிறவர்களைக் குறித்தும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவ்வளவு தொகையைக் காணிக்கையாக வைத்தால் கடன் தீரும், நோய் போகும் என்று சம்பள நாளைப் பார்த்து வந்து பேசுகிறவர்கள் எந்தச் சபையின் பெயரைச் சொல்லி வந்தாலும், அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் பேதுரு சீமோனுக்குச் சொன்ன பதில் அவர்களுக்கும் உரியது: தேவனுடைய வரத்தைப் பணத்தினால் சம்பாதிக்கலாம் என்று நினைத்ததற்காக அவனுடைய பணம் அவனோடேகூட நாசமாகட்டும் என்று அவர் கடிந்துகொண்டார். மடு, தலவில போன்ற திருத்தலங்களுக்குப் போய் நேர்த்தி செலுத்துவது நன்றியின் வெளிப்பாடாக இருக்கும்வரை அழகானது. இதைத் தருகிறேன், அதைத் தாரும் என்ற பேரமாகும்போது அது தன் பொருளை இழந்துவிடுகிறது.

இந்த ஈவு தனிமனிதருக்கு மட்டுமே உரியதும் அன்று. எபேசியர் இரண்டாம் அதிகாரம் கிருபையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, இனி நீங்கள் அந்நியரும் பரதேசிகளும் அல்ல, பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருக்கிறீர்கள் என்று சொல்லி நிறைவடைகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை மறுக்கப்பட்டு, பல தசாப்தங்கள் நாடற்றவர்களாக வாழ்ந்து, 2003இல்தான் எஞ்சியிருந்தவர்களுக்கும் அதைச் சட்டப்படி பெற்ற நம் மலையகச் சமூகம் இந்த வசனத்தை மற்றவர்களைவிட ஆழமாக வாசிக்க முடியும் என்று நம்புகிறேன். கிருபை மனிதர்களைப் பாவத்திலிருந்து மீட்பதோடு, வீட்டாராகவும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே அந்த வீட்டுக்குள் சாதி பார்ப்பதற்கும், பந்தியில் பிரித்து உட்காருவதற்கும் எந்த நியாயமும் கிடையாது.

ஈவைப் பெற்றுக்கொள்வது எப்படி என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. விசுவாசத்தினால் என்பது வேதத்தின் பதில். விசுவாசம் என்றால் எல்லாம் புரிந்துவிட்டது என்றோ, சந்தேகமே இல்லை என்றோ பொருளல்ல. சிலுவையில் இயேசுவுக்கு அருகில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் பெறவும் நேரமில்லை, ஒரு நற்செயல் செய்யவும் கை கட்டவிழ்க்கப்படவில்லை. "அடியேனை நினைத்தருளும்" என்று மட்டுமே அவன் கேட்டான். அன்றைக்கே பரதீசில் தம்முடன் இருப்பான் என்ற வாக்கைப் பெற்றான். நாமோ வாழ நாள் கொடுக்கப்பட்டவர்கள். ஆகவே ஞானஸ்நானத்திலும் திருவிருந்திலும், வேத வாசிப்பிலும் ஜெபத்திலும், சபையாரோடு கூடி வாழ்வதிலும் அந்த ஈவுக்குள் வளர்கிறோம். ஜெபிக்க மனம் வராத நாள்களும், விட்ட குடிக்கே திரும்பிப் போன நாள்களும் இருக்கும். அந்த நாள்களில் முன்பு பெற்ற பேர் அழிக்கப்பட்டுவிட்டதாக நினைத்து ஒதுங்கியிருக்காமல், அறிக்கையிட்டு எழுந்து வரலாம். ஏனெனில் தொடக்கத்திலும் நாம் பேரின் அடிப்படையில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தையும், அதன்பின் எபேசியர் இரண்டாம் அதிகாரத்தையும், பின்னர் ரோமர் மூன்று முதல் ஆறு வரையான அதிகாரங்களையும் இந்த வரிசையிலேயே வாசிப்பது நல்லது. ரோமர் நிருபம் முதல் வாசிப்பில் கடினமாகத் தோன்றும். ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு நாளைக்கு அரை அதிகாரமாகச் சத்தமிட்டு வாசித்து, விளங்காத வசனங்களைக் குறித்துக்கொண்டு உங்கள் போதகரிடமோ குருவானவரிடமோ கேளுங்கள். வாசிக்கும்போது ஒவ்வொரு பகுதியிலும், இங்கே முதலில் செயல்படுகிறவர் யார் என்று பார்த்து, அந்த வினைச்சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடிட்டுக்கொண்டு போகலாம்.